ஆள் எழுதியதா, ஏஐ எழுதியதா? ராமநாதபுரம் கடற்கரையில் கட்டுரை படித்துத் தேர்வு செய்பவர்களுக்கு

“பாம்பன் பாலம் வெறும் இரும்புக் கட்டுமானம் அல்ல, அது மக்களின் கனவுகளை இணைக்கும் உயிர்நாடி.” மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே கட்டுரைப் போட்டி வைத்தாலும் இப்போது இப்படி ஒரு வரி வந்து விழுகிறது. படித்தவுடன் ஓரத்தில் ‘சாட்ஜிபிடி’ என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். அவசரப்பட வேண்டாம். சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30-ல். அதற்குப் பல வருஷம் முன்பே இந்த மாதிரி வரிகளைப் பட்டிமன்ற மேடையிலும் ஆண்டுவிழாப் பேச்சிலும் கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். மேடைத் தமிழ், செய்தித்தாள் தமிழ், நோட்ஸ் தமிழ், மொழிபெயர்ப்புத் தமிழ் எல்லாவற்றையும் படித்துத்தான் ஏஐ எழுதக் கற்றது. அது நம்மைப் போல எழுதுவதில் ஆச்சரியம் இல்லை.

பள்ளிப் போட்டிக் கட்டுரை, தேவாலயத் திருவிழா மலர், ஜமாஅத் ஆண்டு மலர், கல்லூரி அசைன்மென்ட், சங்கத்தின் பெயரில் போகும் மனு ஆகியவற்றைப் படித்துப் பார்த்து ‘சரி’ சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். எழுத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும், அவ்வளவுதான். முடிவு சொல்ல வேண்டுமானால் எழுதியவரிடமும் அவர் எழுதிய வழியிலும் போய்த்தான் பார்க்க வேண்டும்.

கருவிகளை விட்டுவிடுங்கள்

சந்தேகம் வந்ததும் பலர் செய்வது, கட்டுரையை அள்ளி ஒரு கண்டறியும் தளத்தில் போடுவது. ‘87 சதவீதம் ஏஐ’ என்று அது சிவப்பில் காட்டும். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதன்மேல் உள்ள பயம் போய்விடும். இந்தக் கருவிகளில் பல, ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்து வரும் சொல்லை எவ்வளவு சுலபமாக ஊகிக்க முடிகிறது என்று அளக்கின்றன. வாக்கியங்களின் நீளம் ஏறி இறங்குகிறதா, ஒரே மட்டத்தில் போகிறதா என்றும் பார்க்கின்றன. சுலபமாக ஊகிக்க முடிந்தால், ஒரே மட்டத்தில் போனால், ஏஐ என்று சொல்லிவிடும். சாட்சி யாரையும் அது விசாரிப்பதில்லை.

இந்த அளவுகோல் எவ்வளவு தேறும்? ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கருவியை வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, ஏஐ எழுதிய ஆங்கிலப் பகுதிகளில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. மனிதர்கள் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே வருஷம் ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இந்த எண்களை ஒரு வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். 40 பேர். 10 பேர் ஏஐயை வைத்து எழுதினார்கள், 30 பேர் தாங்களே எழுதினார்கள். பத்தில் 26 சதவீதம் என்றால் இரண்டு அல்லது மூன்று பேர் மாட்டுவார்கள். முப்பதில் 9 சதவீதம் என்றால் அதுவும் இரண்டு அல்லது மூன்று பேர். ஆக, எழுப்பி நிறுத்தப்படும் ஐந்து பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் தப்பே செய்யாதவர்கள். ஏஐயை வைத்து எழுதிய ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பிறகு வந்த கருவிகள் இதைவிடத் தேவலை என்கிறார்கள், இருக்கட்டும். நிரபராதியைக் குற்றவாளியாக்கும் எண் பூஜ்யம் ஆகாதவரை அதை வைத்து ஒரு பிள்ளையைத் தண்டிக்க முடியாது.

அந்தத் தவறும் எல்லார்மேலும் சமமாக விழுவதில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு கருவிகளை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைச் சோதித்தார்கள். சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளின்மேல் ‘ஏஐ’ என்ற முத்திரை விழுந்தது. தெரிந்த கொஞ்சம் சொற்களை வைத்துப் பத்திரமாக எழுதினால் அடுத்த சொல்லை ஊகிப்பது சுலபம், அதுதான் காரணம். சாயல்குடியிலோ திருப்பாலைக்குடியிலோ ஆங்கிலக் கட்டுரை எழுதும் பிள்ளை சரியாக இந்த இடத்தில்தான் நிற்கிறது.

தமிழ் என்றால் நிலைமை இன்னும் மோசம். இக்கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. சிலர் தமிழ்க் கட்டுரையைக் கூகுளில் ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைக் கருவியில் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஆங்கிலத்தை எழுதியதே மெஷின். அதைச் சோதித்து மாணவனைக் குற்றம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

இன்னொரு வழக்கம், சாட்ஜிபிடியிடமே “இதை நீயா எழுதினாய்?” என்று கேட்பது. யார் யாருக்கு என்ன எழுதிக் கொடுத்தோம் என்ற பதிவேட்டைப் பார்த்து அது பதில் சொல்வதில்லை. கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலை உருவாக்கும், அவ்வளவே. 2023-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் இப்படிக் கேட்டு, அது ‘ஆமாம்’ என்றதை நம்பி, வகுப்பின் மதிப்பெண்களையே நிறுத்தி வைக்கப்போய் உலகச் செய்தி ஆனார்.

ஏமாற்றும் அடையாளங்கள்

இணையத்தில் சுற்றும் ‘ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கப் பத்து வழிகள்’ எல்லாம் ஆங்கிலத்துக்காக எழுதியவை. அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும். ஒழுங்கான முன்னுரை, துணைத்தலைப்புகள், கடைசியில் முடிவுரை இருந்தால் ஏஐ என்கிறது அந்தப் பட்டியல். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் குறிப்புச் சட்டகம் கொடுத்து, முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை போட்டு எழுது என்றுதானே நாமே கேட்கிறோம்? சொன்னபடி எழுதிய பிள்ளையை அதற்காகச் சந்தேகப்படக் கூடாது.

‘முக்கியப் பங்கு வகிக்கிறது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’, ‘அது மட்டுமல்லாமல்’, ‘இன்றைய நவீன உலகில்’ இவையும் அப்படித்தான். ஏஐ இவற்றை அளவுக்கு மீறிப் போடும், உண்மைதான். நிருபர்களும் பல காலமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொற்களை எண்ணிப் பார்க்கும் முறை பெரிய குவியலில்தான் வேலை செய்யும். ஒன்றரைக் கோடி மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களை எடுத்து, சாட்ஜிபிடிக்குப் பிறகு எந்தெந்தச் சொற்கள் திடீரென்று எகிறின என்று கணக்குப் போட்டவர்கள், 2024-ல் வந்த சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதம் ஏஐ கைபட்டவை என்று சொல்ல முடிந்தது. அவற்றில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து ‘இது அதில் சேர்ந்தது’ என்று அடித்துச் சொல்ல அந்தக் கணக்கால் முடியாது. உங்கள் மேஜையில் இருப்பது ஒரே ஒரு கட்டுரை.

பிழையில்லாத ஒற்று, நல்ல தமிழ்ச்சொற்கள், நீளமான கோடு, வளைந்த மேற்கோள் குறி இவையும் ஆதாரம் ஆகாது. கோட்டையும் குறியையும் வேர்ட் தானாகவே மாற்றிப் போடும். நன்றாக எழுதும் பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள்.

கொஞ்சம் நம்பக்கூடியவை

அடித்துச் சொல்லக்கூடிய அடையாளம் என்றால், அழிக்க மறந்த மிச்சம்தான். ‘நிச்சயமாக! இதோ நீங்கள் கேட்ட கட்டுரை’ என்ற தொடக்கமோ ‘இதை இன்னும் சுருக்கித் தரட்டுமா?’ என்ற முடிவோ அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் உடுக்குறிகளை (*) பாருங்கள். எழுத்தைத் தடிமனாக்க வாட்ஸ்அப்பில் இருபக்கமும் ஒற்றை உடுக்குறி போதும். ஏஐ தருவது இரட்டை. அள்ளி ஒட்டினால் குறிகள் மிச்சமாக வெளியே நிற்கும். தலைப்புக்கு முன்னால் இரண்டு மூன்று எண்குறிகள் (#) நிற்பதும் இந்த வகைதான். இவை உரை ஏஐ வழியாக வந்தது என்று காட்டும். விஷயம் யாருடையது என்று காட்டாது; தான் எழுதியதைப் பிழை திருத்தக் கொடுத்து வாங்கியிருந்தாலும் இதே குறிகள்தான் இருக்கும்.

அடுத்தது பிழையின் ஜாதி. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகள் காதால் பிழை செய்கிறார்கள். ‘மீணவர்’, ‘கறைவலை’, ‘பவளப்பாரை’ என்று எழுதுவார்கள். ண-ன, ர-ற, ல-ள-ழ குழப்பம் இது. போனில் தட்டினால் பக்கத்து எழுத்து விழும். குரலால் தட்டச்சு செய்தால் முற்றுப்புள்ளியே இருக்காது, ஊர்ப்பெயர் சிதைந்திருக்கும். ஏஐ இந்தப் பிழைகளை அதிகம் செய்யாது. அதன் பிழை வேறு வகை: பார்த்தால் தமிழ்ச்சொல் போலவே இருக்கும், ஆனால் எந்த ஊரிலும் அப்படி ஒரு சொல் கிடையாது. ‘அவர்கள் சென்றது’ போல எழுவாயும் பயனிலையும் பிரிந்து நிற்கும். தமிழுக்கு நடுவே ஒரு மலையாள எழுத்தோ இந்தி எழுத்தோ ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. யூனிகோடு முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் (கணினி சேமிப்பின் அளவு) ஆகிறது. ‘மீனவர்’ என்ற சொல்லில் ம, ஈகாரக் குறி, ன, வ, ர, புள்ளி என்று ஆறு குறியீடு. மொத்தம் 18 பைட். ஆங்கிலத்தை வைத்து வடிவமைத்த ஏஐ மாடல்கள் இதைப் பல துண்டாக நறுக்கித்தான் படித்தன. துண்டுகளை மறுபடி ஒட்டும்போதுதான் இல்லாத சொல் பிறக்கிறது. புது மாடல்களில் துண்டுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, பிழையும் குறைந்துவிட்டது. ஆகவே இந்த அடையாளத்துக்கு ஆயுள் குறைவு. பழக்கம் தெரிந்த பையன் வேண்டுமென்றே இரண்டு ‘மீணவர்’ சேர்த்துக் கொடுக்கவும் கூடும்.

வினைச்சொல் கொஞ்சம் நிலைத்து நிற்கும் அடையாளம். கடலில் போகிறவர்கள் மடி இழுப்பார்கள், தூண்டில் போடுவார்கள், கரைவலை வளைப்பார்கள், படகை ஓட்டிக்கொண்டு வந்து நங்கூரம் போடுவார்கள். ஏஐ எழுதும் மீனவர் ‘வலைகளைப் பயன்படுத்தி மீன்பிடிப்பில் ஈடுபடுவார்’. பெயர்ச்சொல்லோடு ‘மேற்கொள்ளுதல், ஈடுபடுதல், கொண்டிருத்தல்’ சேர்த்தே காலத்தை ஓட்டும். அரசு அறிக்கைத் தமிழும் இதே கதிதான் என்பதால், வீட்டு அனுபவம் என்று சொல்லிக்கொண்டு வரும் கட்டுரையில் மட்டும் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பாசி மிதவையை வைத்து ஒரு சோதனை

மாதிரிக்கு இரண்டு பத்தி.

“கடற்பாசி வளர்ப்பு கடலோரப் பெண்களின் வாழ்வாதாரத்தை மேம்படுத்தும் நிலையான தொழிலாகத் திகழ்கிறது. இது பொருளாதார முன்னேற்றத்தை மட்டுமல்லாமல், பெண்களின் தன்னம்பிக்கையையும் உயர்த்துகிறது.”

“மூங்கில் மிதவை 12-க்கு 12 அடி. அதுல 20 கயிறு. ஒரு கயித்துக்கு 20 எடத்துல பாசி கட்டணும், ஒவ்வொண்ணும் 150 கிராம். 45 நாள் கழிச்சு அறுப்பு. அடியில வலை கட்டலேன்னா ஓரா மீன் மேஞ்சிரும்.”

முதல் பத்தியில் பொய் இல்லை. ஆனால் ‘கடற்பாசி’ என்பதை எடுத்துவிட்டு ‘தையல்’ என்றோ ‘கோழி’ என்றோ போட்டாலும் ஒரு சொல் உறுத்தாது. இந்த மாற்றுச் சோதனையை எந்தப் பத்திக்கும் அரை நிமிஷத்தில் செய்யலாம். பொருளை மாற்றியும் பத்தி அசையாமல் நின்றால் அதில் விஷயம் இல்லை. எழுதியது ஆளாக இருந்தாலும் இல்லை.

இரண்டாவதைப் பார்த்ததும் ‘இது ஆள்தான்’ என்று தோன்றும். நிதானம். 12 அடி, 20 கயிறு, 45 நாள் எல்லாம் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்றவை வெளியிட்ட கையேடுகளில் உள்ளவை. கேட்டால் ஏஐயும் எடுத்துக் கொடுக்கும், ‘பேச்சு வழக்கில் எழுது’ என்றால் ‘அதுல, இதுல’ என்று போட்டும் கொடுக்கும். எனவே எண்களை வெறுமனே பார்க்காமல் பெருக்கிப் பாருங்கள். 20 கயிறு, 20 இடம், ஆக 400 முடிச்சு. 150 கிராம் வீதம் 60 கிலோ. மிதவைக்கு விதைப்பாசி 60 கிலோ என்று கையேடு சொல்வதோடு ஒத்துப்போகிறது. ஒரு எண் மட்டும் சரியாக வருவதில் ஏஐக்குச் சிரமமில்லை. இரண்டு மூன்று எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டிய இடத்தில் அது அடிக்கடி தடுமாறுகிறது. ‘கயிற்றுக்கு 1 கிலோ விதை, மிதவைக்கு 60 கிலோ’ என்று 20 கயிற்றுக்குக் கணக்கு எழுதியிருந்தால் எழுதியவர் அந்தக் கயிற்றைத் தொட்டிருக்க மாட்டார்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: எந்தக் கடல்? ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் யாருக்கும் ‘கடல்’ என்று ஒன்று மட்டும் கிடையாது. வடகடல் உண்டு, தென்கடல் உண்டு. வாடைக் காற்றில் வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், கொந்தளிக்கும்போது தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றில் தென்கடலான மன்னார் வளைகுடா புரண்டால் வடக்கே வேலை நடக்கும். பாம்பனில் வடக்குவாடி, தெற்குவாடி என்று கரைக்கே இரண்டு பெயர். மிதவையை எங்கே போடுவது, எப்போது கரையேற்றுவது எல்லாம் இதைப் பொறுத்தது. ‘மழைக்காலத்தில் கடல் சீற்றமாக இருப்பதால் தொழில் பாதிக்கப்படுகிறது’ என்று பொதுவாக எழுதிவிட்டு எந்தப் பக்கம் என்றே சொல்லாத கட்டுரையை எடுத்து வையுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டால் போதும்.

தேதியும் மேற்கோளும்

மீன்பிடித் தடைக்காலம் நல்ல பரிசோதனை. கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாள்தான். கன்னியாகுமரியின் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஏஐ பழசையும் புதுசையும், கிழக்கையும் மேற்கையும் கலந்துவிடும். பாம்பனும் அப்படித்தான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. மாடல் படித்து முடித்த தேதிக்குப் பிறகு நடந்தது அதற்குத் தெரியாது, இணையத்தில் தேடிப் பார்த்தால் தவிர. அதனால் ‘புதிய பாலப் பணிகள் நடைபெற்று வருகின்றன’ என்று இன்றைக்கும் எழுதும். ஆனால் பழைய செய்தித்தாளைப் பார்த்து எழுதிய பிள்ளையும் இதே தப்பைச் செய்யும். தவறான தேதி, எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்க ஒரு வாசல்.

இல்லாத மேற்கோள் அப்படி இல்லை. அதற்கு மன்னிப்புக் கிடையாது. தனுஷ்கோடியைப் பற்றிய கட்டுரைகளில் சங்க இலக்கியச் சான்று என்று சொல்லி ஒரு பாட்டு எண் வரும். உண்மையில் ‘கோடி’ என்ற கடற்கரையையும் ஆலமரத்தடியில் பறவைகளின் ஒலியை அடக்கிய இராமனையும் சொல்வது அகநானூறு 70-ஆம் பாட்டு. ஏஐ கேட்டவுடன் வேறு நூல், வேறு எண், பழந்தமிழ் மாதிரி நாலு வரி எல்லாம் செய்து கொடுக்கும். அகநானூறும் புறநானூறும் நானூறு நானூறு பாட்டு, குறள் 1330. ‘புறநானூறு 427’ என்று கண்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். எல்லைக்குள் எண் இருந்தால் பாட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிஷ வேலை. 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்த நீதிமன்றத்தில் செய்தது வேறொன்றும் இல்லை, எடுத்துப் பார்த்தார்கள்.

வட்டார வழக்கு

‘ராமநாதபுரம் வழக்கில் எழுது’ என்று சொன்னால் ஏஐ பெரும்பாலும் நெல்லையையும் மதுரையையும் கலந்து ஒரு சினிமா வழக்கைத் தரும். ‘ஏலே’ வரும், ‘அங்கிட்டு இங்கிட்டு’ வரும். ‘வந்தாக, போனாக’ ஒரு வரியில் வந்து அடுத்த வரியில் ‘வந்தார்கள்’ ஆகிவிடும். முறைப்பெயர்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். கீழக்கரை வீட்டு நினைவு என்று ஒரு கட்டுரை. அதில் வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை, லாத்தாவும் காக்காவும் இல்லை, எல்லாரும் ‘தந்தை, தாய், சகோதரி, சகோதரர்’. சந்தேகப்படலாம். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் எழுத வேண்டும் என்று வீட்டுச் சொல்லை விழுங்கிய பிள்ளையாகவும் இருக்கலாம். இப்படி அடித்துத் திருத்தியவர்கள் நம்மில் நிறைய என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எழுதிய வழியைப் பார்ப்பது

கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் வேலை பாதி முடிந்தது. கணினியில் திறந்து, கோப்பு என்ற மெனுவில் பதிப்பு வரலாறு, அதில் பதிப்பு வரலாற்றைக் காட்டு. திருத்தும் அனுமதி இருந்தால்தான் இது தெரியும். ‘பார்க்க மட்டும்’ அனுப்பியிருந்தால் அனுமதியை மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஆள் எழுதியது தத்தித் தத்திப் போயிருக்கும்: இரண்டு வரி, அழிப்பு, மேலே போய் ஒரு சொல் மாற்றம், ஒரு மணி நேரம் சும்மா, மறுபடி ஒரு பத்தி. ஒட்டியது ஒரே நிமிஷத்தில் 800 சொல் வந்து இறங்கி, பிறகு பெயர், பள்ளி, வகுப்பு மட்டும் மாறியிருக்கும். வேர்ட் கோப்பில் தகவல் பக்கத்தில் மொத்தத் திருத்த நேரம் இருக்கும். அது கோப்பு திறந்துகிடந்த நேரத்தையும் எண்ணும் என்பதால் பெரிய எண் எதையும் நிரூபிக்காது; நாலு பக்கக் கட்டுரைக்கு இரண்டு நிமிஷம் என்றிருந்தால் கேட்கலாம்.

கேட்கலாம் என்றுதான் சொல்கிறோம். இந்தக் கரையில் பல பிள்ளைகள் நோட்டில் எழுதி, கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து அடித்து வாங்குகிறார்கள். அந்தக் கோப்பிலும் எல்லாம் மொத்தமாகத்தான் வந்து இறங்கியிருக்கும். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தலோடு ஒரு பக்கம் இருந்தால் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிடலாம். அடித்தல் ஒன்றுகூட இல்லாமல் முத்து முத்தாக இருந்தால் அது பார்த்து எழுதியது. எதைப் பார்த்து என்பது அடுத்த கேள்வி.

நேரில் கேட்கும் கேள்விகள் மூன்று போதும், ஐந்து நிமிஷம். முதல் கேள்வி, கட்டுரையில் விட்டுப்போனதைப் பற்றி: “மிதவை கட்டுற மூங்கில் எங்கேருந்து வருது?” இரண்டாவது, ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, “இதை ஏன் இங்கே வச்சே? எடுத்துட்டா என்ன கெட்டுப்போகும்?” தானாக எழுதியவர்கள் இதற்கு ஏதாவது சொல்வார்கள், தப்பான காரணமாக இருந்தாலும். மூன்றாவது, அங்கேயே உட்காரவைத்து அடுத்த பத்தியை எழுதச் சொல்வது. நடை எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம், பதற்றத்துக்குக் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்து. கடினச் சொல்லுக்குப் பொருள் கேட்டு மடக்குவது மட்டும் வேண்டாம். அகராதியைப் பார்த்துப் போட்ட சொல் மறந்துபோவது சாதாரணம். கேட்கும்போது பக்கத்தில் இன்னொரு ஆசிரியர் இருக்கட்டும், வகுப்பு முன்னால் வேண்டவே வேண்டாம்.

எப்போது இந்தக் கேள்வியே வேண்டாம்

புயல், கடல் சீற்றம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலில் ‘ஏஐயா’ என்று ஆராய்ந்துகொண்டிருப்பது நேர விரயம். தலையில் இரட்டை அம்பு இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது. வெளியிட்ட தேதியும் நேரமும் இருக்கிறதா, காற்றின் வேகம் எண்ணில் இருக்கிறதா, எந்தக் கரை என்று இருக்கிறதா, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றிய புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூண்டு எண் 1 முதல் 11 வரைதான். பிறகு சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையோடும், அலை பற்றியது என்றால் ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் அறிக்கையோடும் ஒப்பிடுங்கள். அங்கே இல்லாததை, கையால் எழுதி அனுப்பியிருந்தாலும் பரப்பக் கூடாது.

ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு ஒரு அக்கா சாட்ஜிபிடியை வைத்து மனு எழுதிக்கொண்டு வந்தால் அதில் தப்பே இல்லை. மனு எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுத்த காலத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அங்கே பார்க்க வேண்டியது உள்ளே ஏஐ தானாகச் செருகியவை: அரசாணை எண், தேதி, துறைப் பெயர், திட்டத்தின் பெயர், உதவித்தொகை. ஒவ்வொன்றையும் விரல் வைத்துச் சரிபார்த்து, தெரியாததை அடித்துவிடச் சொல்லுங்கள். படகுப் பதிவு எண்ணும் மீனவர் அடையாள அட்டை எண்ணும் அவர் கையால் நிரப்பட்டும்.

போட்டி விதியை எழுதும்போதே

பிற்பாடு துப்பறிவதைவிட அறிவிப்பிலேயே நாலு வரி சேர்ப்பது நல்லது. ஏஐயிடம் யோசனை கேட்கலாமா, பிழை திருத்தலாமா, எழுதவே வைக்கலாமா, எது வரைக்கும் சரி என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘ஏஐ கூடாது’ என்று மொட்டையாகப் போட்டால் பிழை திருத்தியவன் பயப்படுவான், எழுதவைத்தவன் கண்டுகொள்ள மாட்டான். முதல் வரைவு நோட்டையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தலைப்பைக் குறுக்குங்கள்: ‘கடல் வளம் காப்போம்’ என்றால் குவியல் வரும், ‘எங்கள் கரையில் இந்த மாதம் ஏலத்துக்கு வந்த மூன்று மீன், அவற்றின் விலை, விலை ஏறி இறங்கியதற்குக் காரணம்’ என்றால் பிள்ளை ஏலக்கூடத்துக்குப் போயே ஆக வேண்டும். மதிப்பெண் 25 என்றால் 10-ஐச் சரிபார்க்கக்கூடிய விவரங்களுக்கும், 5-ஐ நேரில் சொல்லும் பதிலுக்கும் ஒதுக்குங்கள், நடைக்கு 10 போதும். ஏஐ என்று நிரூபிக்க முடியாத வெற்றுக் கட்டுரைக்கும் அப்போது யாரையும் குற்றம் சொல்லாமலே மதிப்பெண் குறையும். ஏன் குறைந்தது என்று கேட்டு வரும் பெற்றோரிடம், எந்த விவரம் இல்லை என்று வரியைக் காட்டிப் பதில் சொல்லலாம்.